தவசிக்குக் கிடைத்த மேல் கிளை

ஒரு காட்டில், புலி வருகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், தவசி என்கிற கருமூஞ்சிக் குரங்கு கடிதம் படித்துக்கொண்டிருந்தான். வலது கையில் ஒரு கடிதம், இடது கையில் ஒரு கடிதம். காலால் கிளையைப் பிடித்துக்கொண்டு இதைப் படிப்பான், அதைப் படிப்பான், மறுபடி இதைப் படிப்பான். கீழே நாற்பது புள்ளிமான்கள் அவனை நம்பிப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. அன்றைக்குப் புலி வரவில்லை. அது மான்களின் அதிர்ஷ்டம். தவசியின் திறமை அதில் ஒன்றும் இல்லை.

அவன் வேலையே புலி பார்ப்பதுதான். நாவல் மரத்தின் கீழ் கிளையில் உட்கார வேண்டும். புல்லுக்குள் கோடு தெரிந்தால், வால் நுனி ஆடினால், "க்கா! க்கா! க்கா!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். மான்கள் ஓடிவிடும். புலி வெறும் வயிற்றோடு திரும்பும். இப்படி ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் மான்கள் அவனுக்கு நன்றி சொன்னது ஒரு தடவை. அதுவும், "இன்னும் கொஞ்சம் முன்னாடியே கத்தியிருக்கலாம். இருந்தாலும் நன்றி" என்று.

சம்பளம் என்றால் அந்தக் காட்டில் கிளைதான். எந்தக் கிளை உனக்கோ, அதில் காய்க்கிற பழம் உனக்கு. தவசிக்குக் கீழ் கிளை. கீழ் கிளைப் பழத்தைப் பாதி பழுக்கும்போதே போகிற வருகிறவர்கள் எல்லாம் பறித்துக்கொள்வார்கள். மிச்சம் இருப்பது துவர்க்கும். மழை வந்தால் மேலே இருக்கிற அத்தனை கிளையும் சேர்த்துவைத்த தண்ணீரை இந்தக் கிளையில்தான் கொட்டும். போன வருஷம் வரைக்கும் நனைந்தான், பரவாயில்லை. இந்த வருஷம் அவன் பெண்டாட்டி செவந்தி குட்டி உண்டாகியிருந்தாள். மழைக்கு முன்னால் காய்ந்த கிளை ஒன்று வேண்டும். தவசிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மேல் கிளை வேண்டும் என்று அவன் எழுதிக் கேட்காமலும் இல்லை. ஏழு தடவை கேட்டான். அந்த ஆபீசில் எல்லாமே இலையில்தான் எழுத வேண்டும். விண்ணப்பம், விடுப்பு, புகார், எல்லாம் இலை. அதுவும் இளந்தளிராக இருக்க வேண்டும். முற்றின இலையில் எழுதினால் வாங்க மாட்டார்கள். ஆபீசை நடத்துவது மான்கள். மானிடம் தளிரைக் கொடுத்து, "இதைப் பத்திரமாக வைங்க" என்றால் என்ன ஆகும்? ஏழாவது விண்ணப்பத்தை மான் கூட்டத்தின் மேலாளர் புஷ்பவல்லி மேடம் அவன் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டார்.

"பரிசீலிக்கிறோம் தவசி" என்றார், மென்றுகொண்டே.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து ஆள் வந்தது. அங்கே காட்டெருமைக் கூட்டம் இருக்கிறது. அதன் மேலாளர் ரங்கமுத்து சார். பாறை மாதிரி உடம்பு, பேச்சும் பாறை மாதிரி. அவருக்கு உண்மையில் காவலே தேவையில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் புலிதான் ஒதுங்கிப் போகும். ஆனால் மானுக்கு ஒரு காவல்காரன் இருக்கும்போது எருமைக்கு இல்லாமல் இருந்தால் கௌரவம் என்ன ஆவது? அதனால் தவசியை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்.

"அஞ்சு வருஷம் கழிச்சு உன்னை எங்க பாக்கிற?" என்று கேட்டார்.

"மரத்துலதான் சார்."

"உன்கிட்ட இருக்கிற குறை என்ன?"

"சத்தமாக் கத்துவேன் சார்."

"நிறை?"

"அதேதான் சார்."

ரங்கமுத்து சாருக்குப் பிடித்துப்போயிற்று. காய்ந்த மரப்பட்டையில் கொம்பால் கீறி ஆஃபர் லெட்டர் கொடுத்தார். ஒரு முழு அத்தி மரம். கிளை இல்லை, மரம். வேர் முதல் கொழுந்து வரை. நடுவில் ஒரு பொந்து. மழை பெய்தால் குட்டியோடு உட்கார்ந்துகொள்ளலாம். மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும்.

இதுதான் வலது கைக் கடிதம். இடது கைக் கடிதம் எப்படி வந்தது?

தவசி ராஜினாமா எழுதிக்கொண்டு போனான். அதை நீட்டியதும் புஷ்பவல்லி மேடம் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"உன் மூஞ்சி கருப்பா தவசி?" என்றார். "குரலை மட்டுமே கேட்டுப் பழகிட்டேன்."

"ஆமா மேடம். சின்ன வயசுலேர்ந்தே."

"உனக்கு இங்க என்ன குறை?"

"கிளைதான் மேடம். ஏழு தடவை எழுதிக் குடுத்தேன்."

"எழுதிக் குடுத்தியா? ஃபைல்ல இல்லையே." மேடம் பக்கத்தில் நின்ற மான்களைப் பார்த்தார். அவர்களும் இல்லை என்று தலையாட்டினார்கள். ஒருத்தர் வாயோரம் இன்னும் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. "தவசி, இது கூட்டம் இல்லப்பா. குடும்பம். நீ போயிட்டா இந்தக் குட்டிகளை எல்லாம் யாரு பாத்துப்பா?" சொல்லும்போதே மேடத்துக்குக் கண் கலங்கியது. மானுக்குக் கண் எப்போதுமே கலங்கினாற்போலத்தான் இருக்கும். தவசிக்கு அது தோன்றவில்லை.

அங்கேயே, அப்போதே, அவனைப் போக விடாமல் நிறுத்த மேடம் ஒரு கவுன்டர் ஆஃபர் எழுதினார். நாவல் மரத்தின் மேல் கிளை. 'தலைமைக் கண்காணிப்பாளர்' என்று பதவி. வைகாசியில் பலா பழுத்ததும் ஒரு பலா மரத்தில் பாதி. ஒரு தளிரில் அவனுக்கு, இன்னொரு தளிரில் ஆபீஸ் பிரதி.

இரண்டையும் எடுத்துக்கொண்டு தவசி செவந்தியிடம் போனான். அவள் ஒரு கிளையில் சாய்ந்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"மேல் கிளை தராங்க" என்றான்.

"ஆறு வருஷமா அந்தக் கிளை எங்க இருந்துச்சு?"

"மேலதான்."

"யாரு இருந்தா அதுல?"

"யாரும் இல்ல."

"காக்கா?"

"காக்காகூட இல்ல."

"அப்ப நீங்க போறேன்னு சொன்னதும்தான் அது முளைச்சுச்சா?"

தவசி இடது கைக் கடிதத்தை இன்னொரு தடவை படித்தான். அவன் மனசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்குக் காரணம் விசுவாசம் என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். பொய். முதல் காரணம் சோம்பல்: மலை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இரண்டாவது பயம்: புது இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவது காரணம்தான் பெரிசு. யாரும் இல்லாத நேரத்தில் அவன், "தலைமைக் கண்காணிப்பாளர் தவசி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். இன்னும் நன்றாக இருந்தது.

"அத்தி மரத்துல பொந்து இருக்கு" என்றாள் செவந்தி.

"மேல் கிளையில காத்து நல்லா வரும்."

"குட்டிக்குக் காத்து எதுக்கு? காயணும்."

"மேல் கிளைக்கு மேல வேற கிளை இல்லடி. ஒழுகாது."

"மேல வேற கிளை இல்லேன்னா நேரா நனையும். இதுகூடத் தெரியாம நீங்க தலைமையா?"

ஆனாலும் அவன் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மலையேறிப் போய் ரங்கமுத்து சாரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், நான் வரல சார்."

ரங்கமுத்து சார் அசைபோடுவதை நிறுத்தவில்லை. "மேல் கிளை குடுத்தாங்களா?"

"ஆமா சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அதைத்தான் குடுப்பாங்க. போ."

மறுநாளே அவர் ஒரு மயிலை வேலைக்கு வைத்துக்கொண்டார். தவசி மேல் கிளைக்கு ஏறினான்.

காற்று நன்றாகத்தான் வந்தது. பழம் இனித்தது. அத்தனை மலையும் தெரிந்தது, ஆறு தெரிந்தது, வானம் மொத்தமும் தெரிந்தது. புலி மட்டும் தெரியவில்லை. நடுவில் இருக்கிற அத்தனை கிளையும் அத்தனை இலையும் மறைத்தன. புலி புல்லில்தான் வரும், வானத்தில் வராது. கிளையைக் கொடுத்த மேடமும் இதை யோசிக்கவில்லை, வாங்கிக்கொண்ட தவசியும் யோசிக்கவில்லை. முதல் வாரமே புலி பத்தடி தூரம் வரை வந்துவிட்டது. அதற்கே தும்மல் வந்ததால் மான்கள் பிழைத்தன.

அடுத்த நாள் தவசி பழைய கீழ் கிளையில் போய் உட்கார்ந்தான். உடனே ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது.

"தலைமைக் கண்காணிப்பாளர் கீழ் கிளையில உக்காந்தா வெளிய இருந்து பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க தவசி?" என்றார் மேடம்.

"மேலேர்ந்து தெரியல மேடம்."

"என்ன தெரியல?"

"புலி."

"நீ இனிமே புலி பாக்கிற ஆள் இல்லப்பா. புலி பாக்கிறவங்களைப் பாக்கிற ஆள். கீழ ஒருத்தரைப் போட்டுத் தரேன். நீ கத்துக் குடு."

அப்படித்தான் கோமளா வந்தாள். கோமளா ஒரு மலை மைனா. இதற்கு முன்னால் நாலு இடத்தில் வேலை பார்த்தவள், வாய் சும்மா இருக்காது. கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்வாள், அதுதான் அவள் தகுதி. தவசி ஒரு தடவை "க்கா! க்கா! க்கா!" என்று கத்திக் காட்டினான். அவள் அதே குரலில், அதே மூச்சு வாங்கலோடு, கடைசியில் அவன் இருமுகிற இருமலையும் சேர்த்து, திருப்பிக் கத்தினாள். கேட்டுக்கொண்டிருந்த மான்கள் பாதி ஓடியே விட்டன.

"பிரமாதம்!" என்றார் மேடம். "பயிற்சி முடிஞ்சுது."

"மேடம், சத்தம் மட்டும்தானே வந்திருக்கு? எப்பக் கத்தணும்னு..."

"அதெல்லாம் போகப் போக வந்துரும்."

போகப் போக வரவில்லை. கோமளா நல்லவள்தான். மனசில் கள்ளம் கிடையாது. ஆனால் புலி கண்ணுக்கு முன்னால் நடந்து போனாலும் அவளுக்கு ஒன்றும் தோன்றாது. யாராவது கத்தினால் திருப்பிக் கத்துவாள், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்ட தவசி என்ன செய்தான் தெரியுமா? ஆபீசுக்குத் தெரியாமல் தினமும் மேல் கிளையிலிருந்து நழுவி, நடுமரத்துக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பார்த்தான். புலி தெரிந்தால் கத்துவான். அவன் கத்தியதும் கீழ் கிளையிலிருந்து கோமளா திருப்பிக் கத்துவாள், இன்னும் சத்தமாக. மான்களுக்குப் பக்கத்தில் இருப்பது அவள். அவர்கள் காதில் விழுவது அவள் குரல்.

மாசக் கூட்டத்தில் மேடம் கணக்கு வாசித்தார். "கோமளா, மூணு புலி. தவசி, ஒண்ணுமில்ல."

கோமளாவுக்கே சங்கடமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் அவனிடம் பறந்து வந்தாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். கேட்டா திட்டக் கூடாது."

"கேளு."

"புலின்னா எப்படிண்ணே இருக்கும்?"

தவசி பொறுமையாக விளக்கினான். மஞ்சள், கருப்புக் கோடு, நீள வால், மெதுவாக வரும். கோமளா எல்லாவற்றையும் அவன் குரலிலேயே திருப்பிச் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. மண்டைக்குள் ஒன்றும் போகவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

வைகாசி வந்தது. குட்டியும் பிறந்தது. ஆண் குட்டி, மூஞ்சி இன்னும் கருக்கவில்லை, செவந்தியின் வயிற்றை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. காடு முழுக்கப் பலா வாசனை. தவசி ஆபீசுக்குப் போனான்.

"மேடம், அந்தப் பாதி பலா மரம்..."

"எந்தப் பலா?"

"கவுன்டர் ஆஃபர்ல எழுதிக் குடுத்தீங்களே."

"உன் பிரதி எங்க?"

தவசி நீட்டினான். நாலு மாசத்துத் தளிர். கையில் எடுத்ததும் பொடிப்பொடியாகக் கொட்டியது. ஆபீஸ் பிரதியைக் கேட்டான். மான்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அது சித்திரையிலேயே செரித்துப்போயிருந்தது.

மேடம் தொண்டையைச் செருமினார். "நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன் தவசி. கீழ் கிளைதான் எல்லாப் புலியையும் பிடிக்குது. மேல் கிளை என்ன பண்ணுதுன்னு எல்லாரும் கேக்கிறாங்க. அதனால அந்தப் பதவியை எடுத்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"என்னைப் போகச் சொல்றீங்களா மேடம்?"

"சேச்சே! உன்னை யாரு போகச் சொன்னா? கிளையை மட்டும்தான் எடுக்கிறோம். நீ அதுல உக்காந்திருக்க, அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு என் பழைய கீழ் கிளை?"

"அதுல கோமளா இருக்காளே."

தவசி மரத்துக்கு வந்து செவந்தியிடம் சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. மேற்கே மேகம் கருத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள், பிறகு குட்டியை இடுக்கிக்கொண்டு அப்போதே மலையேறிவிட்டாள். மறுநாள் காலையில்தான் திரும்பி வந்தாள்.

"ரங்கமுத்து சாரைப் பாத்தேன்" என்றாள் மூச்சு வாங்க.

"ஏன்டி? எனக்கு மானமே போச்சு."

"மானத்துல குட்டியைப் படுக்க வைக்க முடியுமா? கேளுங்க. அந்த மயில் மேகத்தைக் கண்டா ஆடப் போயிடுதாம். நேத்துதான் நிறுத்தியிருக்கார். அத்தி மரம் காலியா இருக்கு. நீங்க வரதுன்னா இன்னிக்கு உச்சிப்பொழுதுக்குள்ள வரணும். கையில, இங்க வேலையை விட்டாச்சுன்னு ரிலீவிங் லெட்டர் இருக்கணும், அதுல மேடத்தோட குளம்பு முத்திரை இருக்கணும். 'இன்னொரு கூட்டத்துக்குக் கத்திக்கிட்டு இருக்கிறவன் எனக்கு வேணாம், முதல்ல அங்க முடிச்சுட்டு வரட்டும்'னு சொல்லிட்டார். உச்சி தாண்டினா மலையணிலுக்குக் குடுத்துடுவாராம். அது காலையிலேயே மரத்தடியில வந்து நிக்குது."

சொல்லிவிட்டு ஒரு மரப்பட்டையை எடுத்து நீட்டினாள். காய்ந்த பட்டை. எந்த மானும் தின்ன முடியாது. "லெட்டரை இதுல எழுதி வாங்குங்க."

அந்த நேரம் தவசிக்கு அவளைத்தான் தலைமைக் கண்காணிப்பாளர் ஆக்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

இருவரும் ஆபீசுக்கு நடந்தார்கள். வழியில் செவந்தி நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன். முத்திரை விழற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க. மேடம் திட்டினாலும் சரி, புகழ்ந்தாலும் சரி. பலாவைப் பத்திப் பேசக் கூடாது. நியாயம் கேக்கக் கூடாது. புலியே வந்தாலும் கத்தக் கூடாது. அதுக்குத்தான் கோமளாவை வச்சிருக்காங்க. சரியா?"

"சரி."

"என்ன சரி? திருப்பிச் சொல்லுங்க."

"வாயைத் தொறக்க மாட்டேன்."

"புலியே வந்தாலும்?"

"புலியே வந்தாலும்."

செவந்தி குட்டியோடு பக்கத்து மரத்தில் ஏறிக்கொண்டாள். தவசி மேடத்துக்கு முன்னால் போய் நின்றான். மான்கள் வட்டமாகக் கூடியிருந்தன. மேடம் லெட்டர் எழுதிய பட்டையைக் கீழே வைத்தார், முன்னங்கால் குளம்பைச் சேற்றில் நன்றாகத் தோய்த்தார், தூக்கினார். பட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அது நின்றது. அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார்.

"தவசியைப் பத்திச் சொல்லணும்னா," என்றார், "எங்க குடும்பத்துல ஒருத்தன்."

தவசி வாயைத் திறக்கவில்லை. சூரியனைப் பார்த்தான். இப்போதே கிளம்பி ஓடினால்தான் உச்சிக்குள் மலை தாண்ட முடியும். இறக்கி வைங்க மேடம், காலை இறக்கி வைங்க.

"இந்த ஆறு வருஷத்துல தவசி எங்ககிட்ட எதையுமே கேட்டதில்லை."

தவசி பல்லைக் கடித்துக்கொண்டான். ஏழு விண்ணப்பம் தொண்டை வரை வந்து திரும்பிப் போயின.

கீழ் கிளையிலிருந்து கோமளாவின் குரல் கேட்டது. "அண்ணே, மேடத்துக்குப் பின்னாடி கோடு போட்ட ஒருத்தர் குனிஞ்சு உக்காந்திருக்காரே, அவரும் நம்ம ஆபீஸா?"

"கோமளா," என்றார் மேடம், "நான் பேசும்போது குறுக்க பேசாத."

தவசி பார்த்தான். புல். புல்லுக்குள் மஞ்சள். மஞ்சளுக்குள் கருப்பு. பின்னால் வால் நுனி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அவன் ஒரு கையால் வாயைப் பொத்தினான். போதவில்லை. இன்னொரு கையையும் வைத்துப் பொத்தினான். பக்கத்து மரத்தில் செவந்தியும் பார்த்துவிட்டாள். அவள் தலை வேகமாக ஆடியது: வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அவளைக் கட்டிக்கொண்டு குட்டி. குட்டிக்குப் பின்னால் கருமேகம்.

ஒரு சாண். அந்தக் குளம்பு ஒரு சாண் இறங்கினால் போதும். முத்திரை விழுந்துவிடும். அப்புறம் கத்தலாம், கத்தாமலும் போகலாம். யாருக்கு என்ன? இவர்கள் என்ன செய்தார்கள் அவனுக்கு? அந்த மேடம் அவன் எழுதிக் கொடுத்ததை எல்லாம் தின்றவர். அவரை இன்னொருத்தர் தின்றால் அதில் என்ன தப்பு?

"ஆகவே," என்றார் மேடம், "தவசிக்கு எல்லா வளமும்..."

புலியின் தோள் ஏறியது.

"க்கா! க்கா! க்கா!"

கத்தியது யார் என்று தவசிக்கே ஒரு நொடி புரியவில்லை. கை இரண்டும் வாயை விட்டு எப்போது விலகின என்றும் தெரியவில்லை. நாற்பது மானும் நாலா பக்கமும் பறந்தன. மேடம் நின்ற இடத்திலிருந்தே எகிறி, பட்டையைத் தாண்டி, அதன் மேல் ஒரு பொட்டுச் சேறுகூடப் படாமல், புதருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்து ஓடினார். கீழ் கிளையில் கோமளா திருப்பிக் கத்திக்கொண்டிருந்தாள், அதே குரலில், இன்னும் சத்தமாக, கடைசியில் இருமலோடு.

ரொம்ப தூரத்திலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "சபாஷ் கோமளா! உனக்கு மேல் கிளைடி!"

புலி வெறும் தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டது. தவசியை அலுப்போடு பார்த்தது.

"உன்னை எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டுத்தானே வந்தேன்?" என்றது.

"எடுத்துட்டாங்கதான்" என்றான் தவசி.

"அப்புறம் என்ன எழவுக்குக் கத்தினே?"

புலி எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, வந்த வழியே போயிற்று. மான்கள் ஆற்றைத் தாண்டிவிட்டன. இனி நாலு நாளைக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாது. பட்டை முத்திரை இல்லாமல் கீழே கிடந்தது. சூரியன் நேர் உச்சிக்கு ஏறியது, பிறகு மேகத்துக்குள் போயிற்று.

செவந்தி மெதுவாக இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குட்டி அவனை எட்டிப் பார்த்தது.

"நான் உங்களை என்ன செய்யச் சொன்னேன்?" என்று கேட்டாள்.

"வாயைத் தொறக்காம இருக்கச் சொன்ன."

"அது ஒண்ணைத்தானே சொன்னேன்?"

"அது ஒண்ணைத்தான் சொன்ன" என்றான் தவசி. அதைத்தான் அவன் செய்யவில்லை.

நீதி: ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும்வரை கண்ணில் படுகிற எதுவும் புலி அல்ல.